"நாம வரிசையில நிக்கறோம், அவங்க குதிச்சு வந்துட்டாங்க": இதுல எவ்வளவு உண்மை?

நீங்க கேட்டது இது. உங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல அமெரிக்காவுல பேப்பர் இல்லாம, அதாவது சட்டப்படி தங்க அனுமதி இல்லாம, இருக்கறவங்கள பத்தி தினமும் ஏதாவது ஃபார்வர்டு வருது, "நாம வருஷக்கணக்கா கிரீன் கார்டுக்கு வரிசையில நிக்கறோம், இந்த இல்லீகல்ஸ் வேலி தாண்டி வந்து எல்லாத்தையும் ஓசியில வாங்கிக்கறானுங்க, டாக்ஸ் கட்டறதில்ல, கிரைம் பண்றது பூரா இவனுங்கதான்"னு. இதுல எது உண்மை, அந்த வார்த்தைய நாம யூஸ் பண்றது தப்பான்னு கேட்டிருக்கீங்க. நான் நியூ ஜெர்சியில டாக்ஸ் ஃபைலிங் பண்றவன், எச்1பி வேலை விசா ஆளுங்களும் என்கிட்ட வராங்க, பேப்பர் இல்லாதவங்களும் வராங்க, அதனால ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். நீளமாத்தான் எழுதப்போறேன், பொறுமையா படிங்க.

மொதல்ல அந்த வரிசை, ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு கோவம் வர்றதே அதுலதான். அந்த கோவம் நியாயமானதும்கூட. வேலை வழியா குடுக்கற கிரீன் கார்டு வருஷத்துக்கு 1,40,000தான், அதுல எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல கிடையாது, அதனால இந்தியாவுல பொறந்தவங்க இபி-2, இபி-3ங்கற வேலை வழி கேட்டகரிகள்ல பத்து வருஷத்துக்கு மேல மாட்டிட்டு நிக்கறாங்க, மாசாமாசம் அரசாங்கம் போடற விசா புல்லட்டின் வந்ததும் வரிசையில நம்ம இடத்த சொல்ற ப்ரையாரிட்டி டேட் ஒரு வாரமாவது நகந்திருக்கான்னு பார்க்கறதே பொழப்பா போச்சு. ஆனா இதுக்கு காரணம் 1990ல போட்ட சட்டம். எண்ணிக்கைய அன்னிக்கு எழுதி வெச்சாங்க, அதுக்கப்புறம் அமெரிக்க நாடாளுமன்றம் அத ஏத்தவே இல்ல. பார்டர் தாண்டி வந்து நியூ ஜெர்சியில கூரை போடற ஒருத்தர் உங்க கோட்டாவுல இருந்து ஒரு நம்பரக்கூட எடுக்கல, அவரால உங்க தேதி ஒரு நாள்கூட பின்னாடி போகல. இத மட்டும் குரூப்ல புரிய வெச்சாலே பாதி சண்டை நின்னுடும்.

அடுத்தது, அவருக்கு எந்த வரிசை இருக்கு? நம்ம வரிசையில நிக்கவே டிகிரி வேணும், ஸ்பான்சர் பண்ற கம்பெனி வேணும், லாயர் வேணும். டிகிரி தேவைப்படாத வேலைக்குன்னு இபி-3க்குள்ள ஒரு கேட்டகரி இருக்கு, உலகம் முழுசுக்கும் சேர்த்து வருஷத்துக்கு அதிகபட்சம் 10,000, அதுலயும் பொண்டாட்டி புள்ளைங்க கணக்கும் அடக்கம். லாட்டரி விசா நமக்கு இல்லாத மாதிரியே மெக்சிகோக்காரங்களுக்கும் இல்ல. கூடப்பொறந்தவங்க சிட்டிசனா இருந்து அப்ளை பண்ணா மெக்சிகோவுக்கு 20 வருஷத்துக்கு மேல ஆகும். விவசாய வேலைக்கு எச்-2ஏன்னு ஒரு விசா உண்டு, ஆனா அது சீசன் வேலைக்கு மட்டும்தான், மாடு வருஷம் முழுக்க பால் குடுக்குதுங்கறதால பால் பண்ணைக்கு அது கிடையாது, அப்புறம் விஸ்கான்சின்ல விடியக்காலைல பால் கறக்கறது யாருன்னு அங்க போய் பார்த்தா தெரியும். ஆக குவாத்தமாலாவுல மக்காச்சோளம் போட்டு மழை பொய்ச்சுப்போன ஒரு விவசாயிகிட்ட "முறையா அப்ளை பண்ணி வா"ன்னு சொன்னா, அவர் அப்ளை பண்றதுக்கு ஒரு ஃபார்மே கிடையாது.

இந்த இடத்துல நம்ம ஆளுங்க யாரும் பேசாத ஒரு வரலாறு இருக்கு. 1965ல ஜான்சன் கையெழுத்து போட்ட இமிக்ரேஷன் சட்டம்தான் நமக்கு கதவைத் திறந்துவிட்டது, அதுக்கு முன்னாடி இந்தியாவுக்கு வருஷத்துக்கு 100 பேர்தான் கோட்டா, அதுவும் 1946லதான் கிடைச்சது, அதுக்கும் முன்னாடி 1917 சட்டத்துல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு தடையே போட்டிருந்தாங்க. நம்ம டாக்டர், இன்ஜினியர் சொந்தக்காரங்க எல்லாம் 60 கடைசியிலயும் 70லயும் வந்தது 1965 சட்டத்தாலதான். அதே சட்டம்தான் அமெரிக்க கண்டத்து நாடுகளுக்கு வரலாற்றுல முதல் தடவையா ஒரு மொத்த உச்சவரம்பு போட்டது, 1968ல இருந்து வருஷத்துக்கு 1,20,000ன்னு. 1976ல அதையும் நாடு வாரியா 20,000ன்னு வெட்டிட்டாங்க. இதுக்கு நடுவுல 1942ல இருந்து 1964 வரைக்கும் ப்ராசெரோன்னு ஒரு திட்டம் ஓடுச்சு, மெக்சிகோல இருந்து லட்சக்கணக்கான ஆளுங்கள அமெரிக்க அரசாங்கமே ஒப்பந்தம் போட்டு வயல் வேலைக்கு கூட்டிட்டு வந்துச்சு, 1964 கடைசியோட அத மூடிட்டாங்க. வயல் அதேதான், முதலாளி அதேதான், வர்ற பாதையும் அதேதான், போன வருஷம் வரைக்கும் கையில பேப்பர் இருந்த மனுஷன் அடுத்த வருஷம் "இல்லீகல்" ஆயிட்டார். நம்மள உள்ள விட்ட அதே பேனாதான் அவங்கள வெளிய தள்ளுச்சு, இத தெரிஞ்சுக்கிட்டு வரிசையப் பத்தி பேசணும்.

சரி, சட்டம் என்ன சொல்லுது? பார்டர்ல செக்கிங் இல்லாம உள்ள வர்றது குற்றம்தான், முதல் தடவைன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில் போடக்கூடிய சின்ன குற்றம், டிப்போர்ட் ஆகி திரும்ப வந்தா பெரிய குற்றம். இத நான் மறைக்கல. ஆனா விசாவுல வந்து தேதி முடிஞ்சும் தங்கியிருக்கறது கிரிமினல் குற்றமே இல்ல, அது சிவில் விஷயம். 2012ல அரிசோனா கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே இத எழுதியிருக்கு, நாட்டவிட்டு அனுப்பப்படக்கூடிய நிலைமையில இருக்கற ஒருத்தர் இங்க தொடர்ந்து இருக்கறது பொதுவா குற்றம் ஆகாதுன்னு. பேப்பர் இல்லாதவங்கள்ல பெரிய பங்கு இப்படி ஏர்போர்ட் வழியா விசாவோட வந்து தங்கிட்டவங்கதான். எல்லாரும் வேலி தாண்டி வந்தவங்கன்னு நினைக்கறது டிவியில காட்டற படத்த வெச்சு. இன்னொண்ணு, அசைலம், அதாவது அடைக்கலம், கேக்கறது சட்டத்துலயே இருக்கற உரிமை, எந்த வழியா உள்ள வந்திருந்தாலும் கேக்கலாம்னுதான் சட்டத்துல வார்த்தை இருக்கு, அத எப்படியெல்லாம் சுருக்கலாம்னு கொஞ்ச வருஷமா ஒவ்வொரு அரசாங்கமும் பார்த்துட்டு இருக்குங்கறது வேற கதை.

இந்த ஓவர்ஸ்டே விஷயத்துல நம்ம ஆளுங்க மாட்டற ஒரு இடத்த சொல்லியே ஆகணும். எச்1பி எக்ஸ்டென்ஷன் 3 வருஷத்துக்கு அப்ரூவ் ஆகியிருக்கும், 797ங்கற அப்ரூவல் பேப்பர் கையில இருக்கும். ஊருக்கு போயிட்டு திரும்ப வருவீங்க, பாஸ்போர்ட் 8 மாசத்துல எக்ஸ்பைர் ஆகுதுன்னா ஏர்போர்ட் ஆபீசர் எது வரைக்கும் தங்கலாம்னு சொல்ற ஐ-94 பதிவுல அந்த பாஸ்போர்ட் தேதி வரைக்கும்தான் போடுவார். வந்ததும் பாஸ்போர்ட்ட ரினியூ பண்ணிடுவீங்க, ஐ-94 தானா மாறிடும்னு நினைச்சுப்பீங்க, அது மாறாது. அந்த தேதி தாண்டின நிமிஷத்துல இருந்து நீங்களும் பேப்பர் இல்லாதவர்தான், சம்பளம் வருது, டாக்ஸ் புடிக்கறாங்க, பொண்ணு ஸ்கூல் போறா, எதுவுமே மாறின மாதிரி தெரியாது. 180 நாள் தாண்டி நாட்டவிட்டு வெளிய போனா 3 வருஷம் உள்ள வர முடியாது, 1 வருஷம் தாண்டிட்டா 10 வருஷம். இதுல சிக்கி லாயர் ஆபீஸ்ல உக்காந்து அழுதவங்கள நான் பார்த்திருக்கேன், கைநிறைய சம்பாதிக்கற ஆர்க்கிடெக்டுங்க. லேஆஃப் ஆனா வேற வேலை புடிக்க 60 நாள்தான் டைம். கிரீன் கார்டு வராமலே புள்ளைக்கு 21 வயசு ஆயிட்டா அது எச்1பி குடும்பத்துக்கான எச்-4 விசாவுல இருந்து விழுந்துடும், நாலு வயசுல வந்து இங்கயே வளந்த புள்ளையா இருந்தாலும்தான். சின்ன வயசுல வந்தவங்கள காப்பாத்த 2012ல கொண்டுவந்த டாக்கா அதுக்கு உதவாது, ஏன்னா 2012 ஜூன் 15 அன்னிக்கு சட்டப்படி ஸ்டேட்டஸ் இல்லாம இருந்தவங்களுக்குத்தான் அது. இவங்கள எந்த பேர்ல கூப்பிடுவோம்? பியூ ஆய்வு மையத்தோட 2022 கணக்குல பேப்பர் இல்லாத இந்தியர்கள் 7 லட்சத்துக்கு மேல, மெக்சிகோ, எல் சல்வடாருக்கு அடுத்த இடம். உள்நாட்டு பாதுகாப்பு துறை கணக்கு இதவிட ரொம்ப கம்மி, 2.2 லட்சம். எந்த கணக்க எடுத்தாலும் லட்சக்கணக்குல நம்ம நாட்டு ஆளுங்க இருக்காங்க. 2025 பிப்ரவரி 5ஆம் தேதி 104 பேர கை கால்ல விலங்கு மாட்டி ராணுவ விமானத்துல அமிர்தசரஸ்ல கொண்டுவந்து இறக்குனப்ப இந்தியா முழுக்க வயிறு எரிஞ்சுதே, அந்த விலங்கு வருஷக்கணக்கா குவாத்தமாலா, ஹோண்டுராஸ் விமானங்கள்ல போட்டுட்டு இருக்கற அதே விலங்குதான்.

இப்ப டாக்ஸ். இது என் தொழில், அதனால இதுல மட்டும் எனக்கு நிஜமாவே கோவம் வரும். சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கிடைக்காதவங்க வரி கட்டறதுக்குன்னே 1996ல வரித்துறையான ஐஆர்எஸ் ஒரு நம்பர் கொண்டுவந்துச்சு, ஐடின் (ITIN)னு சொல்வோம், 9ல ஆரம்பிக்கும், டபிள்யூ-7 ஃபார்ம்ல அப்ளை பண்ணணும். என்கிட்ட வர்ற ஒரு ஈக்வடார்காரர் ரெஸ்டாரன்ட் கிச்சன்ல பாத்திரம் கழுவறார், பே ஸ்டப் அத்தனையும் தேதி வாரியா அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு கொண்டுவருவார், ஒண்ணுகூட விட்டுப்போயிருக்காது. வாரம் 600 டாலர்னா அதுல 37.20 சோஷியல் செக்யூரிட்டிக்கு, 8.70 மெடிகேர்க்கு போயிருக்கும், முதலாளியும் அதே அளவு கட்டணும். அந்த காசு அவர் பேர்ல சேராது. பேரும் நம்பரும் ஒத்துப்போகாத சம்பளக் கணக்கையெல்லாம் சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ் தனியா ஒரு கணக்குல போட்டு வெச்சிருக்கு, அந்த காசுல இன்னிக்கு பென்ஷன் வாங்கறது வயசான அமெரிக்கர்கள், இவருக்கு 67 வயசானாலும் ஒரு டாலர் வராது. ஏழை உழைப்பாளிகளுக்கு குடுக்கற ஈஐடிசி வரிச்சலுகை இவருக்கு கிடையாது. இவர் புள்ளைங்க இங்க பொறந்த சிட்டிசன்தான், ஆனா 2025ல போட்ட சட்டப்படி அப்பா அம்மாவுல ஒருத்தருக்காவது சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லன்னா சைல்டு டாக்ஸ் கிரெடிட்டும் கிடையாது. அப்புறம் ஏன் ஃபைல் பண்றார்னா, என்னிக்காவது ஒரு நாள் சட்டம் மாறி "ஒழுங்கா வரி கட்டுனியா"ன்னு கேட்டா காட்டறதுக்கு. 1986ல ரீகன் காலத்துல 27 லட்சம் பேருக்கு அப்படி ஒரு கதவு திறந்துச்சு, அதுக்கப்புறம் அந்த அளவுல திறக்கவே இல்ல. வரிக்கொள்கை ஆராயற ஐடிஇபி 2024ல போட்ட கணக்குப்படி பேப்பர் இல்லாதவங்க 2022ல மட்டும் எல்லா வரியும் சேர்த்து 9,670 கோடி டாலர் கட்டியிருக்காங்க, அதுல 2,570 கோடி அவங்க திரும்ப வாங்கவே முடியாத சோஷியல் செக்யூரிட்டி வரி.

நீ குடுக்கற விவரம் எங்களோட இருக்கும், இமிக்ரேஷனுக்கு போகாதுன்னுதான் ஐஆர்எஸ் இத்தனை வருஷமா இவங்களுக்கு சொல்லிட்டு இருந்துச்சு. நானும் அத நம்பி என் வாயால எத்தனையோ பேருக்கு சொல்லியிருக்கேன். 2025 ஏப்ரல்ல விலாசத்த, ஆளுங்கள புடிச்சு நாடு கடத்தற ஐஸ் (ICE) துறைக்கு குடுக்கறதுக்கு ஒப்பந்தம் போட்டாங்க, ஐஆர்எஸ் தலைமையில அப்ப இருந்தவங்களே ராஜினாமா பண்ணாங்க, கேஸ் கோர்ட்டுக்கு போச்சு. ஒழுங்கா வரி கட்டுனவன் விலாசம்தான் முதல்ல மாட்டும், கட்டாதவன் விலாசம் யார்கிட்டயும் இல்ல. இதுக்கு மேல ஒரு அநியாயம் எனக்கு தோணல.

ஓசியில வாங்கறாங்கங்கறதுக்கு: 1996 வெல்ஃபேர் சட்டப்படி இவங்களுக்கு ஃபுட் ஸ்டாம்ப் கிடையாது, ஏழைங்களுக்கான சாதாரண மெடிகெய்ட் இன்சூரன்ஸ் கிடையாது, வயசான, ஊனமுற்ற ஏழைங்களுக்கு குடுக்கற எஸ்எஸ்ஐ உதவித்தொகை கிடையாது. உயிர் போற எமர்ஜென்சிக்கு ஹாஸ்பிடல் பார்த்தே ஆகணும், அது 1986 சட்டம், அது எல்லாருக்கும்தான். சில ஸ்டேட் தன் சொந்த காசுல புள்ளைங்களுக்கு இன்சூரன்ஸ் குடுக்குது. நியூயார்க் மாதிரி ஊர்ல 2022க்கு அப்புறம் வந்தவங்களுக்கு தங்கற இடம் குடுத்ததுல பெரிய செலவு ஆச்சு, அது உண்மை, அத இல்லன்னு சொல்லி வாதாட வேணாம். நாடாளுமன்ற பட்ஜெட் ஆபீஸ் இந்த புது வருகையால பத்து வருஷத்துல மத்திய பட்ஜெட் பற்றாக்குறை 0.9 டிரில்லியன் டாலர் குறையும்னு 2024ல சொல்லுச்சு, ஸ்டேட், சிட்டி லெவல்ல நிகரமா செலவுதான்னும் அடுத்த வருஷம் சொல்லுச்சு. வரியில பெரும்பகுதி வாஷிங்டனுக்கு போகுது, ஸ்கூல் செலவு ஊர்ல விழுது, சண்டை போடறதா இருந்தா இத வெச்சு போடலாம்.

ஸ்கூல்னு சொன்னதும் டெக்சாஸ்ல டைலர்ங்கற ஊர் கேஸ் நினைவுக்கு வருது. 1977ல அங்க பேப்பர் இல்லாத புள்ளைங்க ஸ்கூல்ல படிக்கணும்னா தலைக்கு வருஷம் 1,000 டாலர் கட்டணும்னு போட்டாங்க. ரோஜாத்தோட்டத்துலயும் ஃபேக்டரியிலயும் கூலிக்கு போற குடும்பங்க அத எங்க இருந்து கட்டும்? நாலு குடும்பம் கேஸ் போட்டுச்சு. விசாரணை அன்னிக்கு யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னு விடியறதுக்கு முன்னாடியே கோர்ட்டுக்கு போயிருக்காங்க, அப்படியே டிப்போர்ட் பண்ணிடுவாங்களோன்னு சாமானெல்லாம் கார்ல கட்டி எடுத்துட்டு போயிருக்காங்க. 1982ல சுப்ரீம் கோர்ட் 5க்கு 4ன்னு அந்த புள்ளைங்க பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. இன்னிக்கு அமெரிக்காவுல எந்த அரசு ஸ்கூல்லயும் சேக்கறப்ப இமிக்ரேஷன் பேப்பர காரணம் காட்டி புள்ளைய வெளிய நிறுத்த முடியாதுன்னா அதுக்கு காரணம் அந்த நாலு குடும்பம்.

கிரைம் விஷயத்த சுருக்கமா முடிச்சுடறேன், ஏன்னா இதுல டேட்டா தெளிவா இருக்கு. கைதாகறவங்களோட இமிக்ரேஷன் நிலைய பதிவு பண்ற ஸ்டேட் டெக்சாஸ். அந்த 2012-2018 டேட்டாவ வெச்சு 2020ல வந்த ஆய்வுல, இங்க பொறந்த சிட்டிசன் வன்முறை குற்றத்துல கைதாகற விகிதம் பேப்பர் இல்லாதவங்களவிட 2 மடங்குக்கும் மேல, திருட்டு மாதிரி சொத்து குற்றத்துல 4 மடங்குக்கும் மேல. ஒரு டெயில்லைட் எரியலன்னு போலீஸ் நிறுத்துனாலே குடும்பம் சிதறிடும்ங்கற பயத்துல வாழறவங்க எப்படி நடந்துப்பாங்கன்னு யோசிச்சா இதுல ஆச்சரியம் இல்ல. கொலை பண்ணவங்க ஒருத்தரும் இல்லையான்னா, இருக்காங்க, செத்தவங்க குடும்பத்து வலி நிஜம், அந்த குற்றவாளிக்கு தண்டனை குடுக்கணும். ஒருத்தன் பண்ணத ஒரு கோடி பேர் மேல ஏத்தறதுதான் தப்பு. ஓட்டு போடறாங்கங்கறதும் அப்படித்தான், ஜார்ஜியா 2024ல 82 லட்சம் வாக்காளர் பட்டியல அலசி கண்டுபிடிச்ச சிட்டிசன் இல்லாதவங்க 20 பேர்.

"புள்ளைய பெத்து அத வெச்சு கிரீன் கார்டு வாங்கிடறாங்க"ன்னு ஒண்ணு சுத்துது பாருங்க, இது நடைமுறை தெரியாம சொல்றது. புள்ளைக்கு 21 வயசு ஆனாத்தான் அப்பா அம்மாவுக்கு அப்ளை பண்ண முடியும். அப்பவும் செக்கிங் இல்லாம பார்டர் வழியா வந்தவங்கன்னா பெரும்பாலும் இங்க இருந்தபடியே மாத்திக்க முடியாது, வெளிய போகணும், போன நிமிஷம் அந்த 10 வருஷ தடை விழும். தடைய நீக்க மனு போடலாம், ஆனா கணவனோ மனைவியோ, இல்ல தன்னோட அப்பா அம்மாவோ சிட்டிசனா இல்ல கிரீன் கார்டோட இருந்து கஷ்டப்படுவாங்கன்னு நிரூபிக்கணும், சிட்டிசன் புள்ளை படற கஷ்டம் மட்டும் அதுக்கு செல்லாது. 1996ல கிளிண்டன் கையெழுத்து போட்ட சட்டம் இது. "இத்தனை வருஷமா இருக்காங்க, ஏன் சரி பண்ணிக்கல"ன்னு கேக்கறவங்களுக்கு பதில் இதுதான், சரி பண்ணிக்கற வழியிலயே சட்டம் பூட்டு போட்டு வெச்சிருக்கு. அது மட்டும் இல்ல, இந்த மாதிரி பேச்சு வளந்து வளந்து 2025 ஜனவரி 20 அன்னிக்கு பிறப்புரிமை குடியுரிமைய வெட்டற ஆணையா வந்தப்ப, அதுல பேப்பர் இல்லாதவங்க புள்ளைங்களோட எச்1பி, ஸ்டூடண்ட் விசா அம்மாக்களுக்கு பொறக்கற புள்ளைங்களையும், அப்பாவும் சிட்டிசனோ கிரீன் கார்டோ இல்லன்னா, சேர்த்தே எழுதியிருந்தாங்க. கோர்ட் உடனே தடுத்துச்சு, ஆனா அந்த வாரம் எனக்கு வந்த போன் எல்லாம் எடிசன்லயும் ஜெர்சி சிட்டியிலயும் மாசமா இருந்த நம்ம பொண்ணுங்க வீட்டுல இருந்துதான்.

கடைசியா அந்த வார்த்தை. திட்டற வாய் யார்கிட்டயும் பேப்பர் கேட்டுட்டு திட்டறதில்ல. 2024ல ஒஹையோ ஸ்பிரிங்ஃபீல்டுல ஹைட்டிக்காரங்க நாய் பூனைய தின்னறாங்கன்னு கட்டிவிட்டாங்க, ஜனாதிபதி விவாத மேடை வரைக்கும் போச்சு, அப்படி நம்பகமான புகார் எதுவும் இல்லன்னு அந்த ஊர் அதிகாரிகளே சொன்னாங்க. அங்க இருந்த ஹைட்டிக்காரங்கள்ல பெரும்பாலானவங்க டிபிஎஸ்ங்கற தற்காலிக பாதுகாப்பு மாதிரி சட்டப்படியான அனுமதியோட இருந்தவங்க, அது தெரிஞ்சும் அவங்கள இல்லீகல்னுதான் கூப்பிடுவேன்னு துணை ஜனாதிபதி வேட்பாளரே சொன்னார். வெடிகுண்டு மிரட்டல்ல ஸ்கூல மூடினாங்க. "படையெடுப்பு"ங்கற வார்த்தையும் அப்படித்தான். 2019ல எல் பாசோ வால்மார்ட்ல 23 பேர சுட்டுக் கொன்னவன் ஹிஸ்பானிக் படையெடுப்புன்னு எழுதி வெச்சுட்டுத்தான் போனான். 1907ல வாஷிங்டன் ஸ்டேட் பெல்லிங்ஹாம்ல மர மில்லுல வேலை செஞ்ச பஞ்சாபிக்காரங்கள ஒரே ராத்திரியில அடிச்சு துரத்துனப்பவும் பேச்சு இதேதான், வந்து குமியறாங்க, கூலிய குறைக்கறாங்க, சுத்தம் இல்லன்னு. 2017ல கன்சாஸ் ஒலேத்தல வேலை முடிஞ்சு பார்ல உக்காந்திருந்த ரெண்டு இந்திய இன்ஜினியர்கள்கிட்ட ஒருத்தன் வந்து எந்த நாடு, என்ன விசா, இல்லீகலா இருக்கியான்னு கேட்டான், வெளிய அனுப்புனப்புறம் துப்பாக்கியோட திரும்பி வந்து என் நாட்ட விட்டு போன்னு சொல்லி சுட்டான். செத்துப்போனவர் ஹைதராபாத்துக்காரர், முறைப்படி எச்1பியில இருந்தவர். எச்1பி அப்ரூவல் பேப்பர் அந்த துப்பாக்கிய நிறுத்தல.

தமிழங்களுக்கு இது புதுசும் இல்ல. 2020ல சுப்ரீம் கோர்ட் 7க்கு 2ன்னு தீர்ப்பு குடுத்த ஒரு அசைலம் கேஸ் இருக்கு, சான் டியாகோ பக்கத்துல பார்டர்ல இருந்து 25 கெஜம் தாண்டி புடிபட்ட ஒருத்தரோடது. வேன்ல கடத்திட்டு போய் அடிச்சாங்கன்னு சொன்னார், அடி வாங்குனத அதிகாரி நம்பினார், ஆனா அசைலம் கேஸுக்கு தேவையான அளவுக்கு பயம் நிரூபணம் ஆகலன்னு தள்ளிட்டார், அதுல கோர்ட் தலையிட முடியாதுன்னு தீர்ப்பு. அவர் இலங்கைத் தமிழர். வெள்ளை வேன்னா என்னன்னு நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்ல. உங்க குரூப்ல "வேலி தாண்டி வந்தவனுங்க"ன்னு டைப் பண்றவங்க அந்த மனுஷனையும் சேர்த்துத்தான் சொல்றாங்க, அது அவங்களுக்கு தெரியாம இருக்கலாம்.

அதனால என்ன வார்த்தை சொல்றதுன்னா, நான் "பேப்பர் இல்லாதவங்க"ன்னு சொல்றேன், முழுசா கரெக்ட்னு சொல்ல மாட்டேன், நிறைய பேர்கிட்ட வொர்க் பெர்மிட், பென்டிங் கேஸ்னு ஏதாவது ஒரு பேப்பர் இருக்கும், ஆனா மனுஷன மனுஷனா வெச்சு பேசுது. ஏபி நியூஸ் ஏஜென்சி 2013லயே மனுஷங்கள இல்லீகல்னு எழுதறத நிறுத்திடுச்சு, ஒரு செயல வேணா அப்படி சொல்லுங்க, ஆள அப்படி சொல்லாதீங்கன்னு. பார்டர டைட் பண்ணணும், ஏஜென்டுங்கள புடிச்சு உள்ள போடணும்னு உங்களுக்கு தோணுச்சுன்னா அத தாராளமா பேசுங்க, லட்சக்கணக்குல காச வாங்கிட்டு பனாமா காட்டுக்குள்ள விட்டுட்டு போற ஏஜென்டுங்க மேல எனக்கும் கோவம்தான். குரூப்ல எல்லாத்துக்கும் பதில் போட்டு சண்டை இழுக்க வேணாம். அந்த வரிசை பத்தின ஃபார்வர்டு வர்றப்ப மட்டும் "வேலை வழி கிரீன் கார்டு கோட்டா 1990 சட்டத்துல இருந்து 1,40,000தான், அவங்க அதுல இல்ல"ன்னு ஒரு வரி போடுங்க. அப்படியே குரூப்ல இருக்கறவங்கள ஊருக்கு போயிட்டு வந்ததும் ஐ-94 தேதிய ஒரு தடவை டவுன்லோடு பண்ணி பாஸ்போர்ட்டோட ஒத்துப் பார்க்க சொல்லுங்க, எத்தனை பேர் பதறிப்போய் லாயருக்கு போன் போடறாங்கன்னு பாருங்க.